ஓசைக்குப் பெயரிடுதல்: காரின் ஸ்டீரிங்கில் எழும் ஒலிகளும் அவற்றின் காரணங்களும்



மொழி வளர்ச்சிக்கென நடைபெறும் இச்சொற்பொழிவு வரிசையில் காரின் ஸ்டீரிங்குக்கு என்ன வேலை என்று தங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடையாக என் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பழைய கார் ஒன்று இருந்தது. நாள்தோறும் காலையில் எங்கள் வீவக பேட்டையின் பல மாடி வாகன நிறுத்துமிடத்திலிருந்து அதை இறக்கிக்கொண்டு வருவேன். ஒவ்வொரு தளத்திலும் வளைந்து இறங்கும்போது ஸ்டீரிங்கின் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. அருகிலிருந்த பட்டறை ஒன்றுக்குச் சென்று, "ஸ்டீரிங்கைத் திருப்பினால் சத்தம் கேட்கிறது" என்றேன். அங்கிருந்த இளைஞர் முன்மூடியைத் திறந்து பார்த்தார். பவர் ஸ்டீரிங் பம்ப் பழையதாகிவிட்டது என்று கூறி அதனை மாற்றித் தந்தார். பல நூறு வெள்ளி செலவாயிற்று. மறுநாள் காலை அதே வளைவில் அதே சத்தம் கேட்டது.

மூன்று வாரம் கழித்து வேறொரு பட்டறைக்குச் சென்றேன். அங்கே வயது முதிர்ந்த பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். அவரிடமும் நான் அதே சொற்றொடரைத்தான் கூறினேன். அவர் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சத்தம்னா என்ன சத்தம் சார்? வாயால செஞ்சு காட்டுங்க."

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். அந்த எளிய கேள்விக்கு உடனே விடைகூற இயலாமல் நின்றேன். சற்று நினைவுகூர்ந்து, "டொக்" என்றேன்.

"ஒரு தடவையா, விட்டு விட்டா?"

"திருப்பத் தொடங்கும்போது ஒரு தடவை."

"எஞ்சின் ஓடாதப்பவும் கேக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்டச் சொன்னார். அவர் முன்சக்கரத்தின் பின்புறம் கையை வைத்துப் பார்த்தார். கால் மணி நேரத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. இடப்பக்க டை ராடின் முனையிலுள்ள குமிழ் தன் குழியில் தேய்ந்து, விழப்போகும் பால்பல்லைப் போல ஆடிக்கொண்டிருந்தது. அந்த முனை கழன்றுவிட்டால் அப்பக்கச் சக்கரம் ஓட்டுநரின் கைக்கு அடங்காது. அத்தகைய காரில்தான் மூன்று வாரமாக என் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். புதிய முனையின் விலையோ பம்புக்கு நான் கொடுத்த தொகையில் ஒரு சிறு பகுதிதான்.

பம்பை மாற்றிய இளைஞரை நான் குறைகூறவில்லை. அவர் கையில் நான் கொடுத்தது "சத்தம்" என்னும் ஒரே சொல். பொதுச் சொல்லைக் கொடுத்தேன். பொதுவான விடையைப் பெற்றேன். ஓசைக்குச் சரியான பெயரிடுவது பழுதறிதலின் முதற்படி என்பதே இவ்வுரையின் கருத்து. அப்பெயர்கள் நம் மொழியில் நிறையவே உள்ளன.

1. இரவல் பெயர்களும் சொந்தச் சொற்களும்

பம்ப், பெல்ட், ரேக், டை ராட், பேரிங் முதலிய உறுப்புப் பெயர்களைப் பட்டறையில் வழங்கும் வடிவிலேயே இங்குக் கையாளுகிறேன். பொருளோடு வந்த பெயர்கள் அவை. ஆயினும் அவ்வுறுப்புகள் எழுப்பும் ஓசைகளைக் குறிக்க நாம் எவரிடமும் இரவல் வாங்க வேண்டியதில்லை. டொக், கிரீச், கரகர, நறநற, உறுமல், முனகல் எனத் தமிழர் நாவில் அன்றாடம் புழங்கும் சொற்களே போதும்.

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் இரட்டைக்கிளவியைத் தனியே எடுத்துப் பேசுகிறது. பிரித்தால் பொருள் தராமல், இரட்டித்தே நிற்கும் சொல் அது. "கரகர" என்பதிலிருந்து ஒரு "கர"வை எடுத்துத் தனியே வழங்க முடியாது. "டக்" என்பது அவ்வாறன்று. அது தனித்தும் நிற்கும்; "டக் டக்" என அடுக்கியும் வரும். இவ்வேறுபாட்டை நாம் இலக்கண வகுப்பில் கற்பிக்கிறோம். பட்டறையிலும் இது பயன்படும் என்பதை நான் பின்னரே உணர்ந்தேன். ஸ்டீரிங்கில் கேட்கும் ஒலிகளைப் பொறுத்தவரை, எண்ணத்தக்க ஓசையைப் பிரியக்கூடிய சொல்லால் குறிக்கிறோம். எண்ண முடியாது தொடரும் ஓசையைப் பிரியாத இரட்டிப்பாலோ, "கிரீச்", "ஊம்" என்பன போன்ற நெடிலாலோ குறிக்கிறோம். ஆகவே, ஒருமுறை எழும் ஓசை, அடுக்கி எழும் ஓசை, தொடர்ந்து எழும் ஓசை என மூவகையாகப் பகுத்துக்கொண்டால் பழுதின் இனம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2. ஸ்டீரிங் இயங்கும் முறை

ஓசையின் பிறப்பிடத்தைத் தேடுமுன், கையின் அசைவு சக்கரத்தைச் சென்றடையும் வழியை அறிதல் வேண்டும். குழப்பம் நேராதிருக்க, ஓட்டுநர் பிடிப்பதைக் கைச்சக்கரம் என்றும் தரையில் உருள்வதைச் சக்கரம் என்றும் கூறுகிறேன்.

கைச்சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி இறங்குகிறது. அது வளைந்து செல்ல வேண்டிய இடங்களில் மூட்டுகள் உண்டு. தண்டின் அடிமுனையில் ஒரு சிறிய பற்சக்கரம் இருக்கிறது. அதன் பற்கள், குறுக்கே கிடக்கும் பற்சட்டமாகிய ரேக்கின் பற்களோடு பொருந்தியுள்ளன. பற்சக்கரம் சுழன்றால் ரேக் இடமாகவோ வலமாகவோ நகரும். ரேக்கின் இரு முனைகளிலும் டை ராட் என்னும் கம்பிகள் உள்ளன. அவை குமிழ் மூட்டுகளின் வழியாக முன்சக்கரங்களை இழுத்தும் தள்ளியும் திருப்புகின்றன. பல கார்களில் கைச்சக்கரத்தை ஏறத்தாழ 15 பாகை திருப்பினால்தான் சக்கரம் 1 பாகை திரும்பும். எனவே சக்கரத்தருகில் உள்ள சிறு தளர்ச்சியும் கையில் பெரிதாகத் தெரியும்.

நிற்கும் காரின் சக்கரத்தை வெறும் கைவலிமையால் திருப்புதல் கடினம். அதற்கு உதவுவதே பவர் ஸ்டீரிங். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் இதனை உருவாக்கினார். 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் இவ்வசதி விற்பனைக்கு வந்தது. எஞ்சின் சுழற்றும் பெல்ட் ஒரு பம்பை ஓட்டும். பம்ப் அழுத்தும் எண்ணெய் ரேக்கைத் தள்ளும். இஃது எண்ணெய் வகை. 1988இல் ஜப்பானின் சுசூகி செர்வோ காரில் மின்மோட்டார் இவ்வேலையை ஏற்றது. இஃது மின் வகை. அண்மைக்காலக் கார்களில் பெரும்பாலானவை மின் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பம்பும் இல்லை. எண்ணெய்க் கலமும் இல்லை. தம் கார் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை உரிமையாளர் முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அது தெரிந்தாலே ஐயப்பட வேண்டிய காரணங்களில் ஒரு பகுதி விலகிவிடும்.

3. கேட்டலின் இரு பொருள்

தமிழில் "கேட்டல்" என்பதற்குச் செவிமடுத்தல், வினவுதல் என இரு பொருள் உண்டு. பழுதறிவதற்கு இரண்டும் தேவை. ஓசை எழும்போது பின்வரும் வினாக்களை எழுப்பி, விடைகளைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கார் நிற்கும்போதும் கேட்கிறதா, ஓடும்போது மட்டுமா?

எஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையிலும் கேட்கிறதா?

எஞ்சினின் வேகத்தோடு ஓசை கூடுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு கூடுகிறதா?

இடப்பக்கம் திருப்பும்போதா, வலப்பக்கம் திருப்பும்போதா, இரு பக்கமுமா?

சிறிது திருப்பினாலே கேட்கிறதா, எல்லைவரை திருப்பினால் மட்டுமா?

காலையில் முதன்முறை எஞ்சினை இயக்கும்போதா, நெடுந்தூரம் ஓடிய பின்னரா?

இவ்வினாக்களுள் ஒவ்வொன்றும் சில உறுப்புகளை ஐயத்திலிருந்து விடுவிக்கிறது. எஞ்சின் ஓடாதபோதும் டொக்கென்று ஒலித்தால் பம்பும் பெல்ட்டும் குற்றவாளிகள் அல்ல. இந்த ஒரு வினாவை நான் எழுப்பியிருந்தால் என் பம்ப் தப்பியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு நிலையை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் ஓசை நின்றதற்கு எது காரணம் என்று கூற இயலாது.

4. ஒருமுறை எழும் ஓசை: டொக், டொய்ங்

திருப்பத் தொடங்கும்போதோ திசை மாற்றும்போதோ ஒருமுறை டொக்கென்று கேட்டால், எங்கோ தளர்ச்சி உண்டு என்பது பொருள். இரண்டு உறுப்புகளுக்கிடையே இருக்கக்கூடாத இடைவெளி இருக்கிறது. விசையின் திசை மாறும்போது ஒன்று நகர்ந்து மற்றொன்றில் மோதுகிறது. டை ராட் முனை, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட், தண்டின் மூட்டு, ரேக்கைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளும் ரப்பர்களும் ஆகிய இவை ஐயத்துக்குரியவை. மின் வகையில் மோட்டாரோடு இணைந்த சிறு ரப்பர் இணைப்புத் தேய்ந்தாலும் இவ்வொலி எழக்கூடும்.

கண்டறியும் முறை எளிது. காரைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இட வேண்டும். ஒருவர் கைச்சக்கரத்தை இடமும் வலமும் சில பாகையளவே மாறி மாறி ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டாகக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தளர்ந்த மூட்டில் மோதல் விரலுக்குத் தெரியும். அடுத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சோதிக்கலாம். கடிகாரத்தில் 3, 9 ஆகிய எண்கள் உள்ள இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தால் டை ராடை ஐயுறலாம். 12, 6 ஆகிய இடங்களில் தெரிந்தால் பால் ஜாயிண்டையோ சக்கர பேரிங்கையோ ஐயுறலாம். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் புகக்கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே நெருங்க வேண்டும்.

தேய்ந்த மூட்டை மாற்றுவதே தீர்வு. மசகு இடுவது ஓசையை மறைக்குமேயன்றித் தேய்வை நீக்காது. டை ராட் முனையைக் கழற்றுவோர் அது எத்தனை சுற்றில் கழன்றது என எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே முடுக்குவர். அவ்வாறு செய்தாலும் சக்கரங்களின் நேர்நிலையைக் கருவியால் சரிபார்த்தல் இன்றியமையாதது. இன்றேல் ஓசை போகும். ஆனால் டயர் ஒருபக்கமாகத் தேயத் தொடங்கும்.

டொய்ங் என்பது வேறு. கார் நிற்கும்போது கைச்சக்கரத்தைத் திருப்பினால், இறுக்கிய கம்பிச்சுருள் விடுபட்டாற்போல் இவ்வொலி கேட்கும். உண்மையில் நடப்பதும் அதுவே. முன்பக்க ஆப்சார்பரின் தலைப்பகுதியில் ஒரு பேரிங் உண்டு. சக்கரம் திரும்பும்போது சுருளும் சேர்ந்து எளிதாகத் திரும்புவதற்கு அது துணைசெய்கிறது. அது தேய்ந்து பிடித்துக்கொண்டால் சுருள் முறுக்கேறி, பின் திடீரென விடுபடும். அத்தலைப்பகுதியையும் பேரிங்கையும் மாற்றுவதே தீர்வு. அழுத்தப்பட்ட சுருளில் பெரும் விசை அடங்கியிருப்பதால், உரிய கருவியில்லாமல் அதனைக் கழற்ற முயலுதல் உயிருக்கே ஊறு விளைவிக்கும். இப்பணியைப் பட்டறைக்கு விட்டுவிட வேண்டும்.

5. அடுக்கி எழும் ஓசை: டக் டக் டக்

கார் மெல்ல ஓடிக்கொண்டிருக்க, கைச்சக்கரத்தை எல்லைவரை திருப்பி வளையும்போது, டக் டக் டக் எனச் சீரான இடைவெளியில் ஒலி கேட்கிறது. வேகம் கூடினால் இடைவெளி குறுகுகிறது. நின்றால் ஒலியும் நிற்கிறது. எண்ணத்தக்க ஓசை இது. ஓசை எண்ணத்தக்கதாயின் சுழலும் பொருள் ஒன்று அதன் பின்னே உண்டு.

முன்சக்கரங்களுக்கு எஞ்சினின் விசையைக் கொண்டுசெல்லும் தண்டின் வெளிமுனையில் சிவி ஜாயிண்ட் என்னும் மூட்டு இருக்கிறது. சக்கரம் திரும்பிய நிலையிலும் இடையறாது சுழற்றுவது அதன் பணி. அதனை மூடியுள்ள ரப்பர் உறை நம் நாட்டின் வெப்பத்தில் நாளடைவில் வெடிக்கலாம். வெடித்தால் உள்ளிருக்கும் மசகு வெளியே தெறிக்கும். மணலும் மழைநீரும் உள்ளே புகும். சக்கரத்தின் உட்புறத்தில் கரிய மசகு சிதறியிருந்தால் இதுவே காரணம் எனக் கொள்ளலாம்.

உறை கிழிந்தவுடன் கண்டால் உறையையும் மசகையும் மாற்றினால் போதும். டக் டக் என ஒலிக்கத் தொடங்கிய பின் மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது ஸ்டீரிங்கின் உறுப்பே அன்று. திருப்பும்போது கேட்பதால் ஸ்டீரிங்கின் மேல் பழி விழுகிறது. ஒருங்கே நிகழும் இரண்டனுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என முடிவுகட்டும் பிழை பட்டறைக்கு வெளியேயும் நாம் அடிக்கடி செய்வதுதானே?

6. தொடர்ந்து எழும் ஓசை: கிரீச், முனகல், கரகர, ஊம்

காலையில் எஞ்சினை இயக்கியவுடன், அல்லது எல்லைவரை திருப்பும்போது கிரீச்சென்று கூர்மையாக ஒலித்தால், எண்ணெய் வகைக் காரில் பெல்ட்டை ஐயுற வேண்டும். எல்லைவரை திருப்புகையில் பம்பின் சுமை மிகுகிறது. தளர்ந்த அல்லது பளபளப்பேறிய பெல்ட் அச்சுமையைச் சுழற்ற இயலாமல் வழுக்குகிறது. எஞ்சினை நிறுத்திய பின்னரே பெல்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெடிப்பு, பளபளப்பு, எண்ணெய்க்கறை ஆகியவை இருந்தால் மாற்றுதல் நலம். நன்னிலையில் இருந்தால் இறுக்கத்தைச் சரிசெய்தாலே போதும்.

இரண்டாவது, முனகல். திருப்பும்போதெல்லாம் ஒரு முனகல் எழுந்து, எஞ்சினின் வேகத்தோடு உயர்ந்து தாழ்ந்தால், பம்புக்குப் போதிய எண்ணெய் கிட்டவில்லை அல்லது எண்ணெயில் காற்று கலந்துள்ளது என்பது முதற்பொருள். "இரங்கல்" என்னும் சொல் ஓசையைக் குறிக்கும் என்றும், கழிந்த பொருளுக்காக வருந்துதலையும் குறிக்கும் என்றும் தொல்காப்பிய உரியியலில் கற்றிருக்கிறோம். பம்பின் முனகலை விளக்க இதனினும் பொருத்தமான சொல்லை நான் அறியேன். கழிந்துபோன எண்ணெய்க்காகவே அது இரங்குகிறது.

எண்ணெய்க் கலத்தில் தாழ்வரை, உயர்வரை ஆகிய குறிகள் இருக்கும். எண்ணெய் தாழ்வரைக்குக் கீழிருந்தால், காரின் கையேட்டில் குறித்துள்ள வகையையே நிரப்ப வேண்டும். பிரேக் எண்ணெயை மறந்தும் ஊற்றக்கூடாது. அது உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பான்களைக் கெடுத்துவிடும். நிரப்பியதோடு வேலை முடிந்ததாகக் கருதுவதும் தவறு. எண்ணெய் தானாகத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குழாய்களின் இணைப்புகளையும், ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகளையும் பார்த்தல் வேண்டும். உறைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் ரேக்கின் அடைப்பான் பழுதடைந்துள்ளது.

எண்ணெயில் நுரை தென்பட்டால் காற்று கலந்துள்ளது. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கித் தாங்கிகளின் மேல் நிறுத்தி, எஞ்சினை இயக்காமலே கைச்சக்கரத்தை ஓரெல்லையிலிருந்து மற்றோரெல்லைவரை மெதுவாகப் பலமுறை திருப்ப வேண்டும். காற்றுக் குமிழிகள் கலத்தின் வழியே வெளியேறும். குறையும் எண்ணெயை அவ்வப்போது நிரப்பி, பின்னர் எஞ்சினை இயக்கி மீண்டும் திருப்ப வேண்டும். எண்ணெய் சரியான அளவில், நுரையின்றி இருந்தும் முனகல் நீங்கவில்லையென்றால் அப்போது பம்பை ஐயுறலாம். பம்ப் கடைசி விடை. என் வழக்கில் அதுவே முதல் விடையாகக் கொள்ளப்பட்டது.

மூன்றாவது, கரகர. ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலிருந்து, கைச்சக்கரத்தைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று உராயும் ஒலி கேட்டால், தண்டைச் சூழ்ந்த பிளாஸ்டிக் மூடியோ, தண்டு தரையை ஊடுருவும் இடத்திலுள்ள ரப்பர் உறையோ உராயலாம். சற்று நகர்த்திச் சீராகப் பொருத்தினாலோ, ரப்பருக்கு ஏற்ற மசகைச் சிறிது இட்டாலோ பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் ஒலி கைச்சக்கரத்துக்குள்ளிருந்தே எழுமாயின், அங்குள்ள சுருள்நாடாவைக் கருதவேண்டும். காற்றுப்பைக்கும் ஒலிப்பானுக்கும் மின்சாரம் கொண்டுசெல்லும் நாடா அது. அது அறுந்தால் காற்றுப்பை விளக்கு எரியும். விபத்தின்போது பை விரியாமலும் போகலாம். காற்றுப்பையில் வெடிபொருள் இருப்பதால் கைச்சக்கரத்தைப் பிரிக்கும் வேலை பயிற்சி பெற்றவர்க்கே உரியது.

நான்காவது, ஊம் என்னும் தாழ்ந்த ஒலி. இது காரின் வேகத்தோடு கூடும்; வளைவில் மாறும். இடப்பக்கம் வளையும்போது காரின் பாரம் வலச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. அப்போது ஒலி மிகுந்தால் வலச் சக்கரத்தின் பேரிங்கையும், வலப்பக்கம் வளையும்போது மிகுந்தால் இடச் சக்கரத்தின் பேரிங்கையும் ஐயுறலாம். இதுவும் ஸ்டீரிங்கின் பிழை அன்று.

7. பழுதல்லாத ஓசைகள்

எல்லா ஓசையும் பழுதின் அறிகுறி அல்ல. கடைத்தொகுதிகளின் வாகன நிறுத்துமிடங்களில் வழுவழுப்பான சாயம் பூசிய தரை இருக்கும். அதில் மெல்லத் திரும்பினாலும் டயர்கள் கீச்சிடும். வெளியே சாலைக்கு வந்தவுடன் அவ்வொலி மறைந்தால் கவலை வேண்டா. எண்ணெய் வகையில் கைச்சக்கரத்தை எல்லைவரை திருப்பிப் பிடித்தால் உஸ்ஸென்று ஒலிக்கும். மிகையான அழுத்தத்தைத் திறப்பான் வெளியேற்றும் ஒலி அது. ஆயினும் அந்நிலையில் சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருத்தல் பம்புக்குக் கேடு. மின் வகையில், கார் நிற்கும்போது திருப்பினால் மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் கேட்பது இயல்பே.

நம் காரின் இயல்பான ஓசை எது என்பதை அது நன்னிலையில் இருக்கும்போதே அறிந்துவைத்தல் நலம். மாதத்துக்கு ஒருமுறை வானொலியை அணைத்து, சாளரத்தைத் திறந்துவைத்து, வாகன நிறுத்துமிடத்தின் வளைவுகளில் மெல்ல இறங்கிப் பாருங்கள். இருபக்கச் சுவரும் ஓசையைத் திருப்பித் தரும். திறந்த சாலையில் கேளாத சிறு ஒலியும் அங்கே செவிக்கு எட்டும்.

8. காத்திருக்கலாமா?

சிங்கப்பூரில் 3 ஆண்டு நிறைந்த கார்கள் 10 ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். அச்சோதனை பயனுள்ளதே. ஆயினும் இரு சோதனைகளுக்கிடையே ஓராண்டோ ஈராண்டோ கழிகின்றது. அக்காலத்தில் காரைக் கேட்பவர் அதை ஓட்டுபவர் மட்டுமே.

உராயும் மூடியின் கரகரப்பும், பெல்ட் காலையில் எழுப்பும் சிறு கிரீச்சொலியும் சில நாள் காத்திருக்கலாம். டொக் காத்திருக்கலாகாது. ஓசையோடு கைச்சக்கரம் கனத்தாலும், நேரே செல்லும்போது கார் ஒருபக்கம் இழுத்தாலும், கைச்சக்கரத்தைத் திருப்பிய பின்னும் சக்கரம் சற்றுத் தாமதித்துத் திரும்பினாலும், எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் காரைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது. தேய்ந்த குமிழ் கழலும் நாளை முன்கூட்டி அறிவிப்பதில்லை. டொக்கென்னும் ஓசைதான் அதன் அறிவிப்பு. பின்னாளில் ஓசை தானாகவே குறைந்துவிட்டாலும் பழுது நீங்கிவிட்டது என எண்ணுதல் கூடாது.

9. வகுப்பறைக்கு ஒரு சொல்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒலிக்குறிப்புச் சொற்களை நாம் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். மாணவர்கள் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதற்கு மாறாக, ஓசைகளைக் கேட்கவைத்துச் சொல்லைத் தேடச் சொல்லலாம். வீட்டிலுள்ள மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம், மிதிவண்டி ஆகியவற்றின் ஓசையைக் கேட்டு, ஒருமுறையா, அடுக்கியா, தொடர்ந்தா, எப்போது கூடுகிறது, எப்போது நிற்கிறது என ஐந்தாறு வரிகளில் எழுதச் சொல்லலாம். அவ்வாறு எழுதும் மாணவன் இரட்டைக்கிளவியை மறக்கமாட்டான். கூர்ந்து நோக்கலும் காரணம் தேடலும் அதனோடு சேர்ந்தே அவனுக்கு வரும்.

மாணவர்களே, தொழில்நுட்பம் பேசத் தமிழில் சொல் இல்லை என்று யாரேனும் கூறினால், அவரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்று காரின் ஓசையை விவரிக்கச் சொல்லுங்கள். அவரும் டொக் என்றோ கரகர என்றோதான் கூறுவார். உறுப்பின் பெயர் எம்மொழியில் இருந்தாலும், பழுதைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சொல்லே.

அந்த முதியவர் கழற்றிய டை ராட் முனையை நான் கேட்டு வாங்கி, வீட்டில் என் மேசைமேல் வைத்திருக்கிறேன். பேத்தி சில வேளை அதனை எடுத்து ஆட்டிப் பார்ப்பாள். அது இன்றும் டொக்கென்றே ஒலிக்கிறது.